ஆறாவது கணினி

கடற்கரை நகரமான ரெசிஃபியில் ஜந்தீராவும் அவள் கணவன் எவாந்த்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிரல் மொழியின் புதிய பதிப்பு இன்று வெளியாக வேண்டும். ஒரே ஒரு சோதனைதான் தேறவில்லை. நீளமான தசம எண் ஒன்றைப் படித்து, நினைவகத்தில் அடங்கும்படி சுருக்கச் சொன்னால், அவர்களுடைய ஆறு கணினிகளில் ஐந்து, சுருக்கிய எண்ணின் கடைசி இலக்கத்தை ஏழு என்று அச்சிட்டன. ஆறாவதான பழைய கணினி மட்டும் எட்டு என்று அடம்பிடித்தது.

"இந்தக் கிழட்டுக் கழுதையைக் கடல்ல தூக்கிப் போடு!" என்று கத்தினாள் ஜந்தீரா.

"வாங்கின அன்னிக்கு இதைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவ நீதான்டி," என்றான் எவாந்த்ரோ, தாளில் எண்களைப் பெருக்கிக்கொண்டே.

தேங்காய்ப்பூ வைத்த மரவள்ளி அப்பம் தொடாமலே ஆறிப்போனது. மாலையில் ஜந்தீரா துள்ளிக் குதித்தாள்.

"கழுதை ஏழு சொல்லிடுச்சு! எண்ணைப் படிக்கிற அதோட சொந்த நிரலைப் பிடுங்கிட்டு, நான் எழுதினதைச் செருகிட்டேன். இனி வாயைத் திறக்காது!"

எவாந்த்ரோ பென்சிலை வைத்தான். "கையாலேயே போட்டுப் பார்த்துட்டேன். சரியான விடை எட்டு."

"உளறாதே! மத்த அஞ்சும் ஏழுன்னுதானே சொல்லுது?"

"அந்த அஞ்சுலயும் முதல்லேருந்தே ஓடுறது நீ எழுதின நிரல்தானே, கண்ணு?"

ஜந்தீரா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆறு கணினிகளும் இப்போது ஒற்றுமையாகத் தப்புச் செய்துகொண்டிருந்தன.