ஒற்றைத் தண்டை

"விக்க வரல அண்ணாச்சி. இது எந்த ஊரு நகைன்னு சொன்னாப் போதும்" என்று உலகம்மாள் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளித் தண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பன்னிரண்டு வருடமாகக் கடைக்காரர் தாணுலிங்கம் தேடிக்கொண்டிருந்த தண்டை அது. அதன் ஜோடி, அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில், 'குஜராத், கட்ச். நூற்றைம்பது வருடப் பழமை' என்ற அட்டையோடு உட்கார்ந்திருந்தது. ஒற்றையை யாரும் சீண்டவில்லை. கொச்சியில் பழம்பொருள் சேர்க்கிற ஒருவர் மட்டும், ஜோடியாக இருந்தால் கேட்ட விலை தருவேன் என்று சொல்லிவைத்திருந்தார். வருகிற ஞாயிறு அவர் மறுபடி வருகிறார்.

சாலைக் கடைத்தெருவில் வெள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஊரைச் சொல்பவர் என்று தாணுலிங்கத்துக்குப் பெயர். பெயரெடுத்தவர் அவசரப்படலாமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து நிதானமாகக் கழுத்தைத் துடைத்தார். காயப்போடுகிற பாவனையில் அதை அலமாரிக் கண்ணாடிமேல் விரித்துத் தொங்கவிட்டார். பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

ஏற்கெனவே மூன்று கடைகளில் கேட்டுவிட்டதாக உலகம்மாள் சொன்னாள். ஒருவர் கட்ச் என்றாராம், ஒருவர் ராஜஸ்தான், இன்னொருவர் இமயமலை அடிவாரம்.

"அவனுவளுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்கு வீடு எங்க?"

"கரமனை."

பொய்க்கு ஒரு நுனி கிடைத்துவிட்டது.

"அப்பக் கேட்டுக்கிடுங்க. இது கட்சும் இல்ல, காஷ்மீரும் இல்ல. உங்க கரமனையிலேயே எவனோ ஒரு ஆசாரி படத்தப் பாத்துச் செஞ்சது. இருபது வருசம்கூட ஆகாது, கேட்டோ. புளியில ஊறப்போட்டு, சாணிக்குழியில புதைச்சு, கிழடாக்கி வச்சிருக்கான்."

தண்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே பரல் கலகலத்தது. பாலைவனத்துக் கல்லேதான், அலமாரியில் இருப்பதைக் குலுக்கிக் குலுக்கி அவருக்கு மனப்பாடமான ஓசை.

"கரமனை ஆத்துப் பொடிக்கல்லு" என்றார். "சத்தமே சொல்லுதே."

வேண்டுமானால் இன்றைய வெள்ளி விலைக்கு, எடைக்கு எடை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவும் இவ்வளவு தூரம் அலைந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாதே என்பதற்காகத்தானாம்.

உலகம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். தாணுலிங்கத்துக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

"அந்தக் கல்ல நான்தான் பொறுக்கிக் குடுத்தேன் அண்ணாச்சி."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரவுக செஞ்சது. பதினஞ்சு வருசம் ஆச்சு. புளி, சாணிக்குழி எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்லுதீக."

ஜோடியில் ஒன்றைத் தம்பானூர் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு தலைப்பாகைக்காரர் மூலம், பழைய கட்ச் நகை என்று விற்றிருக்கிறார் அவள் கணவர். போலியென்று எவராவது கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று கடைசிவரை காத்திருந்தார். கண்டுபிடிக்கிறவருக்கு மற்றதைச் சும்மாவே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அலமாரியில் இருப்பதைத் தன்னிடம் விற்றுப்போனவரின் தலைப்பாகை நிறம்கூட தாணுலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

"அவுக போயி வார ஆடியோட ஒரு வருசம். நீங்கதான் முத ஆளு" என்று தண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள் உலகம்மாள்.

படியிறங்கியவள் நின்று திரும்பினாள். முகத்தில் இப்போது அழுகை இல்லை.

"அந்தத் துண்ட எடுத்துருங்க அண்ணாச்சி. உள்ள வரும்போதே பாத்துட்டேன். ஜோடி சேரட்டும்."