தீட்டில் ஒரு விசில்

அரங்கத்தின் கூரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் பட்டுத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாக இறங்கினாள். கூட்டம் வாயைப் பிளந்தது. அனந்தபத்மநாபன் அவளைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ரேஷ்மியைப் பார்த்தார்.

பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

அவள் மாமனார் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பத்து நாள் தீட்டு கழியவில்லை. கரமனை அக்ரகாரத்தில் அவள் புருஷன் உமாசங்கர் தாடியும் சோகமுமாக அப்பாவுக்குக் கர்மம் செய்துகொண்டிருக்கிறான். இவளோ ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், காலஞ்சென்ற பாப் பாடகன் டெல் மார்லோவுக்கு அஞ்சலியாக நடக்கும் சாகசக் காட்சியைக் கைதட்டி ரசித்துக்கொண்டிருக்கிறாள்.

மலையாளத்துப் பெண். காதல் கல்யாணம். எப்போது சறுக்குவாள் என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் சறுக்கிவிட்டாள்.

இறந்துபோன அந்த மாமனார் அனந்துவுக்குப் பெரியப்பா பிள்ளை. பங்காளி என்பதால் அவருக்கும் அதே பத்து நாள் தீட்டு உண்டு.

ஆனால் அது வேறு விஷயம். இந்த டிக்கெட் அண்ணா போவதற்கு முன்பே வாங்கியது. மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். டெல் மார்லோ என்றால் அனந்துவுக்குக் காலேஜ் நாளிலிருந்தே உயிர். அவன் செத்த அன்று, சொந்த அப்பாவுக்குக்கூட அழாத அழுகை அழுதவர். தவிர, ஆண்பிள்ளைக்கு வெளியில் ஆயிரம் ஜோலி இருக்கும்.

மார்லோவின் பாட்டு ஒலித்தது. நாலு பேர் வலையில் குதித்து, எம்பி, சுவரில் செங்குத்தாக ஓடினார்கள். அனந்துவின் இரண்டு விரல்கள் தாமாகவே வாய்க்குள் போயின. அவர் அடித்த விசிலில் முன்வரிசைகள் திரும்பின.

ரேஷ்மியும் திரும்பினாள். அவரை நேருக்கு நேர் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அனந்து தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, 'வெளியே செல்லும் வழி' என்ற பலகையைக் கவனமாகப் படித்தார். செய்வதையும் செய்துவிட்டுச் சிரிக்கவேறு செய்கிறாளே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் பங்காளிகள் எல்லாரும் ஆற்றில் முழுகி, தர்ப்பணம் முடித்துவிட்டு, இறந்தவரின் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பங்காளிகளில் மூத்தவர் ஹரிநாராயணன். வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் குறுக்கு விசாரணையிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஏண்டா அனந்து, சனிக்கிழமை சாயந்தரம் கருடபுராணம் கேக்க எல்லாரும் வந்தா. உன்னை மட்டும் காணலையே?"

"ஜுரம் அண்ணா. எழுந்திருக்கவே முடியலை."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பப்படாதோ?"

எல்லாரும் தன்னையே பார்ப்பது அனந்துவுக்குப் பிடிக்கவில்லை.

"என்னை விடுங்கோ அண்ணா. ஜுரம் இல்லாதவாளே அன்னிக்கு இந்த ஆத்துல இல்லை. தீட்டோட கழக்கூட்டத்துக்கு ஆட்டம் பாட்டம் பாக்கப் போயாச்சு."

உமாசங்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு போனா?" என்றார் ஹரிநாராயணன்.

"நான் சொன்னா நன்னா இருக்காது."

"உனக்கு யார் சொன்னா?"

"பார்த்தவா சொன்னா."

"அப்போ பார்த்தவாளும் அங்கதானே இருந்திருக்கணும்? அது யாரு, நம்ம பங்காளியில ஒருத்தனா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அனந்து நினைக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ரேஷ்மி வந்தாள்.

"போனது நான்தான் பெரியப்பா."

"நீயா?"

"ஆமா. இவர் வேண்டான்னுதான் பறஞ்சார். எனக்குச் சின்னதிலேர்ந்தே அந்தப் பாட்டு ரொம்ப இஷ்டமாக்கும். மனசு கேக்கலை, போய்ட்டேன். தப்புதான்."

ஹரிநாராயணன் தீர்ப்பு சொன்னார். "பதிமூணாம் நாள் சுபத்துக்கு நீ அடுக்களைக்குள்ள வர வேண்டாம். பந்தியிலயும் பரிமாறப்படாது, கேட்டியா."

அந்தத் தெருவில் ஒரு மருமகளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவள் தப்பை ஊரறியச் செய்வது என்று அர்த்தம். ரேஷ்மியின் கண் கலங்கியது. ஆனாலும், "சரி பெரியப்பா" என்றாள்.

அனந்து நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் ஏனோ அவருக்குச் சந்தோஷமே வரவில்லை.

ஹரிநாராயணன் விடவில்லை. "இவ ஒத்துண்டுட்டா. பார்த்தவன் யாருன்னு நீ இன்னும் சொல்லலையேடா. அவன் நம்ம பங்காளின்னா அவனுக்கும் பந்தியில இடம் கிடையாது. சொல்லு."

பங்காளிகள் ஒவ்வொருவராக அனந்துவின் பக்கம் திரும்பினார்கள். அவர் ரேஷ்மியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ந்தது கதை.

"யாரும் பாக்கலை பெரியப்பா" என்றாள் ரேஷ்மி. "மறுநாள் சித்தப்பாக்குக் கஞ்சி கொண்டு போனேன். பாவம், ஜுரத்துல கண்ணே திறக்க முடியாம கிடந்தார். அப்போ நானே வாய்விட்டுச் சொன்னதுதான்."