தூங்கினால் போதும்

"எழுப்பாதீங்கண்ணே. இப்பத்தான் கண்ணசந்தாரு" என்று வாசலை மறித்து நின்றாள் வீரம்மா.

அப்பாவுவுக்கு எரிச்சலாக வந்தது. தோட்டத்து நாடகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். உள்ளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அவள் புருஷன் உடையப்பன்தான் கதாநாயகன். நாட்டைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் ஆறு நாளாக அந்தக் குழுவை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

கதை இவ்வளவுதான். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தமிழன் வயிறாரச் சாப்பிடுகிறான், பாடுகிறான், சிரிக்கிறான், நிம்மதியாகத் தூங்குகிறான். சயாமைக் கண்ணால் பார்க்காத பன்னிரண்டு பேர் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர்க் காட்டில் நின்று அதை நடித்தார்கள்.

பச்சைப் பொய். ஆனால் படம் முடிந்தால் பன்னிரண்டு பேருக்கும் முத்திரை குத்திய சீட்டு உண்டு. ஒருவனும் சயாமுக்குப் போக வேண்டியதில்லை. முடியாவிட்டால் ரோட்டில் நிற்கிற லோரியில் ஏற வேண்டியதுதான். அப்படி ஏறிப் போனவன் எவனும் திரும்பி வந்ததாக அப்பாவு கேள்விப்பட்டதில்லை.

மூன்று நாளைக்கு முன் உடையப்பனைக் காய்ச்சல் அடித்துப் போட்டது. பாட்டும் சிரிப்பும் அதற்குள் எடுத்தாகிவிட்டது. மண்வெட்டியோடு நடக்கிற காட்சிக்கு அதே குழுவில் இருந்த வீரம்மாவின் தம்பி சீனி, மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்தான். உயரம் ஒன்று, தோள் ஒன்று. எவனும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசிக் காட்சிக்கு முதுகு போதாது, முகம் வேண்டும் என்றுவிட்டான் ஜப்பான் அதிகாரி. அப்பாவுதான் மண்டையைக் குடைந்து வழி சொன்னார். கதாநாயகன் எழுந்து ஆட வேண்டாம். வேலை முடிந்து வந்து தூங்கட்டும். பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு விசிறட்டும்.

"நடிக்கவே வேணாம் வீரம்மா. தூங்கினா போதும். அதுக்கு எதுக்கு வழிய மறிக்கிற? இன்னும் ரெண்டு படி அரிசி கேளுன்னு சொல்லிக் குடுத்தானா ஒம் புருஷன்?"

அப்பாவு யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. நடிகனை நம்பவே மாட்டார். ராஜா வேஷம் கட்டத் தெரிந்தவனுக்கு நோயாளி வேஷம் கட்டத் தெரியாதா?

"அரிசியெல்லாம் வேணாண்ணே. படம் எடுத்துக்கட்டும். அவரை மட்டும் யாரும் தொட வேணாம். பவுடர நானே பூசிவிடறேன்."

உள்ளே போய்ப் பார்த்தார். கழுத்துவரை போர்வை. தலையையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். குளிர்காய்ச்சல்காரனுக்குக் காதில் காற்று ஏறக் கூடாதுதான், அதற்காக இப்படியா?

"அவுத்துப் போடு துண்ட. சயாமுல சுகமா இருக்கிறவனுக்குப் பல்லுவலியா?"

வீரம்மா மெல்ல அவிழ்த்தாள். முடியை வாரிவிட்டாள். கன்னத்தில் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே பூசினாள்.

ஈப்போவிலிருந்து வந்திருந்த சீனப் படக்காரர், ஜன்னல் வெயில் கட்டிலில் விழும்படி படப்பெட்டியை நிறுத்தினார். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

சீனி ஜன்னலுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தான். "மச்சான், குடுத்து வச்ச ஆளுலா நீ. நான் வெயில்ல மண்ணு வெட்டணும், நீ படுத்துக்கிட்டே பேரு வாங்கணும்."

"பேசாம இருடா" என்றாள் வீரம்மா. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து விசிறியை எடுத்தாள்.

பெட்டி ஓடியது. பாதியில் அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டான். படக்காரர் அப்பாவுவிடம் வந்து, அந்தம்மா முகம் சரியில்லையாம் என்று மலாயில் முணுமுணுத்தார். வெளியே லோரிக்காரன் எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அப்பாவு கட்டிலோரம் பாய்ந்து வந்தார்.

"என்னா புள்ள, எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்க? பன்னெண்டு பேரு உசுரு ஒம் பல்லுலதான் இருக்கு. சிரி."

வீரம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். உடையப்பன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து அப்பாவு கண்டதில்லை.

பெட்டி மறுபடி ஓடியது. விசிறி அசைந்துகொண்டே இருந்தது. உடையப்பன் சொன்ன சொல் தட்டாமல் கிடந்தான்.

அதிகாரி தலையாட்டினான். வராந்தாவில் மேசை போட்டு, பெயர் பெயராகக் கூப்பிட்டு முத்திரை குத்தினார்கள். லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த தோட்டத்தைப் பார்த்துப் போனது.

அப்பாவு உடையப்பனின் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வீரம்மா இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பா நெனச்சிட்டேன் புள்ள. ஒம் புருஷன் பெரிய நடிகன். இமைகூட ஆடலியே. எழுப்பு, அவன் கையிலயே குடுக்கறேன்."

"சீனிக்குக் கெடச்சிருச்சாண்ணே?"

"கெடச்சிருச்சு."

"லோரி?"

"அது அப்பவே போயிருச்சுலா."

விசிறி நின்றது.

"அவரு கோழி கூவறப்பவே போயிட்டாருண்ணே. இனிமே நான் அழலாமா?"