ரெண்டு வேளை வாக்கிங்

மகளின் குரல் கேட்டதும் ஏசுபாதம் நாய்க்கூண்டுக்குள் புகுந்துகொண்டார். அந்த அவசரத்திலும், வீட்டு மேடம் போட்ட சட்டப்படி செருப்பைக் கூண்டு வாசலில் கழற்றிவிட்டுத்தான் புகுந்தார். தேர்வாய் கண்டிகைக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தவருக்கு, முதலாளி வீட்டு நாயை நடத்திக் கூட்டிப்போவதுதான் வேலை.

"ஊட்ல வளர்க்கற நாய்க்கு எவ்ளோ எக்சர்சைஸ் தர்றாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன் மேடம்," என்றாள் விக்டோரியா. கால்நடை மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறாள்.

"டைகரை ரெண்டு வேளையும் ஆளு கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போறான். இனிமே மத்தியானமும் அனுப்பலாம்னு இருக்கேன். நல்லதுதானே?"

கூண்டுக்குள் டைகர் ஏசுபாதத்தின் முகத்தை நக்கியது.

"கம்முனு கெட நைனா," என்று கிசுகிசுத்து அதன் வாயைப் பொத்தினார். காலடிச் சத்தம் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"வேணாம் மேடம். காலையில ஒரு வேளை போதும். சாயந்தரம் தோட்டத்துல அவுத்து வுட்டுடுங்க. கூட நடக்கறவருக்கு முட்டி வலி."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

காலடிச் சத்தம் தெருக் கேட் வரை போய் ஓய்ந்தபின் ஏசுபாதம் எட்டிப் பார்த்தார். வார் அறுந்ததற்கு அவளே ஊக்கு குத்திக் கொடுத்த செருப்பு, அவர் வெளியே வந்ததும் மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.