காற்று ஓய்ந்த மத்தியானம்

மேட்னி ஷோவுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் காற்று சட்டென்று நின்றதும், புது மாப்பிள்ளை செருப்பும் கையுமாக ஹாலின் நடுவில் சிலையாகிவிட்டான்.

"நின்னுடுச்சே," என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

வானிலை ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் அசரவில்லை. "இது லல்லுங்க. நடுவுல கொஞ்சம் ஓயும், திரும்ப வீசும்."

"காமா இருந்தா?"

"காம்னா அடியோட ஓய்ஞ்சாச்சுன்னு அர்த்தம். அப்ப நாம தொலைஞ்சோம்."

அவள் வாய் மூடுவதற்குள் ஜன்னல் கண்ணாடி கடகடக்கக் காற்று கிளம்பியது. "பாத்தீங்களா, இப்ப கேல், சூறைக்காத்து. வாங்க," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரும் பூனை மாதிரி நடந்து வாசற்கதவை எட்டினார்கள்.

மறுபடியும் நின்றது.

"இதுவும் லல்தானே?"

"லல்லேதான்."

"இது காம்," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல்.

மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். "மொத லல்லுலயே முழிச்சிட்டேன் மாப்பிள்ளை. அப்புறம் வந்த கேல் இருக்கே, அது மட்டும் நான் சும்மா விட்ட பொய்க் குறட்டை."

சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கினார். உள்ளே இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், காலில் ஷூ.

"மூணாவது டிக்கெட் எங்க?"