குறையில்லாத ஜாய்ஸ்டிக்

என் மாமனார் கோபத்தில் மூச்சு விட்டால் எங்கள் வீட்டு மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய வீடியோ கேம்களுக்குப் புது ஜாய்ஸ்டிக் வடிவமைப்பது என் தொழில். அவர் ஆடிப் பார்த்துச் சரி என்றால்தான் கடைக்கு அனுப்புவேன்.

முதலாவதைத் தூக்கி எறிந்தார். "பிடி லொடலொடன்னு ஆடுது மாப்பிள்ளை! இதை வெச்சு மனுஷன் ஜெயிக்க முடியுமா?"

பிடியை இறுக்கமாக வைத்து இன்னொன்று செய்தேன்.

"பட்டன் சிக்குது! உங்களை நம்பி எவன் வேலை குடுத்தான்?"

மூன்றாவதை வாங்கிப் போனவர், மறுநாள் காலையில் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் என்ன குறை மாமா?"

"ஒரு குறையும் இல்லை! அதான் பத்திக்கிட்டு வருது!"

"நல்லதுதானே?"

"என்னய்யா நல்லது? இத்தனை நாள் தோத்தா ஜாய்ஸ்டிக்கைத் திட்டினேன். நேத்தும் தோத்தேன். யாரைத் திட்டுறது?"

"யார்கிட்ட தோத்தீங்க?"

அவர் வாய் திறக்குமுன் பின்னாலேயே அத்தை வந்துவிட்டார். கையில் மாமா தூக்கி எறிந்த முதல் ஜாய்ஸ்டிக்.

"மாப்பிள்ளை, தினமும் இதுலதான் இவரை ஜெயிக்கிறேன். பிடியைக் கொஞ்சம் இறுக்கிக் குடுங்களேன்."

மாமனார் என் சட்டையைப் பிடித்தார்.

"அவளோடதைத் தொட்டீங்க, தொலைஞ்சீங்க! என்னோடதுல ஏதாவது ஒரு கோளாறு வெச்சுக் குடுங்க!"