இறங்காத கண்ணாடி

ஜெரோமை மணந்துகொண்டு பூங்கோதை வீட்டைவிட்டு வந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. தினமும் காலையில், அவளுடைய புது வீட்டுக்குப் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அப்பாவின் பழைய கார் வந்து நிற்கும். அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அதுதான் வழி. பூங்கோதை ஓடிப்போய் அம்மா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டுவாள். அது விரல்கடை அளவு இறங்கி, நடுங்கி, மறுபடி ஏறிக்கொள்ளும். உள்ளே அம்மா வலது கையை மட்டும் விரித்து, ரிப்பேர் என்று உதட்டை அசைப்பாள். கண்கள் கலங்கியிருக்கும். அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "இனி என் முகத்துல முழிக்காத" என்று அன்று கத்தியவர் அவர்தான்.

பூங்கோதை இயற்பியல் படித்தவள். கண்ணாடி அசைகிறதென்றால் மோட்டார் சாகவில்லை, ஃபியூஸும் போகவில்லை. ஓரத்து ரப்பர்தான் இறுகிவிட்டது என்று முடிவுசெய்து சிலிகோன் ஸ்ப்ரே வாங்கினாள்.

"உங்கப்பா மனசுக்கு அடிக்கிற ஸ்ப்ரே அந்தக் கடையில இல்லையாமா?" என்று ஜெரோம் சிரித்தான்.

இன்று ரப்பர் நெடுகிலும் அடித்தாள். கண்ணாடி நடுங்கியது, இறங்கவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு, முதல்முறையாகக் காரைச் சுற்றிப்போய் அப்பா பக்கம் நின்றாள். அவருடைய கண்ணாடி திறந்தே இருந்தது.

"அப்பா, உங்க பக்கத்து ஸ்விட்ச்ல அம்மா கண்ணாடியை ஒருதடவை இறக்கிப் பாருங்களேன்."

அவருடைய விரல் ஏற்கெனவே அதன்மேல்தான் இருந்தது.

"தினமும் இறக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார். "உங்கம்மாதான் அந்தப் பக்கம் ஏத்துற பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கா."